வீலில் கை வைக்கும் முன்

மேட்டுப்பாளையத்தில் வாட்டர் சர்வீஸ் வைத்திருப்பவனுக்கு ஊட்டி சீசன் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை வீலில்தான். மேலே போகிற வண்டிக்குக் காற்றுப் பார்க்க வேண்டும், இறங்கி வந்த வண்டிக்கு வீல் கழுவ வேண்டும். வெள்ளைக் காரோ சிவப்புக் காரோ, மலை இறங்கி வந்தால் முன் வீல் இரண்டும் கருப்புதான். புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்கள் பம்ப் போடுவதையும் ஃபோம் அடிப்பதையும் ஒரே நாளில் பழகிக்கொள்கிறார்கள். அலாய் வீல் அப்படிக் கைக்கு வருவதில்லை. பாடியில் கோடு விழுந்தால் பாலீஷ் போட்டுச் சமாளிக்கலாம். வீலின் முகத்தைக் கெடுத்துவிட்டால் புது வீலுக்குக் காசு கேட்பான் வண்டிக்காரன், கேட்பதும் நியாயம். அதனால்தான் தம்பிகளா, இதை எழுதி ஒட்டி வைக்கிறேன். நம்பர் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அந்தக் கருப்பு என்ன என்பதை முதலில் தெரிந்துகொள். ரோட்டுப் புழுதி என்று நினைத்துத் தொடங்கினால் அப்புறம் செய்வதெல்லாம் தப்பாகவே போகும். பிரேக்கை மிதித்ததும் காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேடும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வும். டிஸ்க் வார்ப்பிரும்பு. பேடுக்குள் உலோகத் தூள், கிராஃபைட், நார், இவற்றையெல்லாம் இறுக்கிப் பிடித்து வைக்கும் பிசின் என்று பலதும் உண்டு. கவ்வும்போது இரண்டும் தேயும். தேய்ந்த தூள் சூட்டோடு பறந்து பக்கத்திலேயே இருக்கும் ரிம்மில் உட்காரும். அதில் அதிகம் இருப்பது இரும்பு.

எவ்வளவு சூடு என்று கேட்டால், நம் வாடிக்கையாளரான ஃபிசிக்ஸ் வாத்தியார் ஒருவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நம் ஊர் 300 மீட்டர் சொச்சம். 1,200 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இங்கே இறங்கி நிற்பதற்குள் வெளியே தள்ள வேண்டிய வெப்பத்தில் ஏறக்குறைய 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடலாமாம். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், கொஞ்சத்தை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டிரைவர் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருந்தால் மிச்சம் முழுவதும் டிஸ்க்கின் தலையில் விழும். அப்படி இறங்கினால் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை.

அந்தச் சூட்டில் வந்து உட்கார்ந்த தூள், அன்றைக்கே கழுவினால் ஷாம்புத் தண்ணீருக்குப் பெரும்பாலும் வந்துவிடும். ஒரு ராத்திரி பனி பட்டாலோ மழை பட்டாலோ கதை வேறு. இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடித்த இரும்பு உப்பும், உப்பிக்கொண்டே வீலின் மேல்பூச்சைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி நிற வீலில் ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிகிறதே, அது இந்தக் கட்டம். இதற்கு மேல் சோப்புக்கு வேலை இல்லை.

2. தண்ணீரைத் திறக்கும் முன் நாலு வீலையும் சுற்றி வந்து பார். இதற்கு இரண்டு நிமிஷம் போதும். பார்க்கத் தெரிந்தவனுக்கு வீல் நிறையச் செய்தி சொல்லும்.

முன் வீல் அதிகம் கருத்திருப்பது இயல்பு. பிரேக் போட்டால் வண்டியின் எடை முன்னால் சாயும், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக். அங்கே தேயும் தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுவதால் பின் வீல் சுத்தமாக இருக்கும். ஜெர்மன் கார் வந்தால் கருப்பு இன்னும் தடிமனாக இருக்கும், பயப்படாதே. நன்றாகக் கவ்வ வேண்டும் என்று உலோகம் கலந்த பேடு போடுவது அவர்கள் வழக்கம். ஜப்பான், கொரியா வண்டிகளின் பேடு பொதுவாக அவ்வளவு தூள் கக்காது.

இயல்பில்லாதது எது என்றால், முன் வீல் இரண்டில் ஒன்று மட்டும் கன்னங்கரேல் என்று இருப்பது. காலிப்பர் பிடித்துக்கொண்டு விடாமல் உரசியிருக்கலாம். ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் அந்தப் பக்கம் பிரேக்கே சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், அது அதைவிட மோசம். தூள் காய்ந்த பொடியாக இல்லாமல் பிசுபிசு என்று எண்ணெய் குழைத்த மாதிரி இருந்தால் பிரேக் ஆயிலோ ஆக்சில் பூட்டிலிருந்து கிரீஸோ கசிகிறது. தூளில் மினுக்கு மினுக்கு என்று உலோகச் செதில் தெரிந்து, டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் பேடு தீர்ந்து இரும்புத் தகடு உரசுகிறது. இதில் எதைப் பார்த்தாலும் கழுவும் முன் என்னைக் கூப்பிடு. கழுவிவிட்டால் சாட்சியும் போய்விடும். வண்டிக்காரரிடம் நேரில் காட்டி, "ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஊருக்குப் போங்க சார்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

3. அடுத்தபடி வீலின் தோலைப் பார். நம்மிடம் வரும் அலாய் வீல் அநேகமாக எல்லாமே அலுமினியம்தான், ஆனால் உன் கை படப்போவது அலுமினியத்தில் இல்லை, அதன் மேலிருக்கும் பூச்சில். பெரும்பாலான கம்பெனி வீலில் பெயின்ட் அடித்து அதற்கு மேல் கிளியர் கோட் இருக்கும். அந்தக் கிளியர் கோட்டின் தடிமன் ஒரு தலைமுடி அளவுகூட இராது.

இப்போது நிறைய வருவது டைமண்ட் கட். முகப்பை லேத்தில் கொடுத்துச் செதுக்கி, கிட்டப் பார்த்தால் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும்படி பளபளவென்று எடுத்து, அதன் மேல் நேராகக் கிளியர் கோட் அடிப்பார்கள். இடையில் பெயின்ட் கிடையாது. ஓரத்தில் பிளாட்பாரம் இடித்து அந்தப் பூச்சு கொஞ்சம் பெயர்ந்தால் போதும், உள்ளே தண்ணீர் இறங்கி, பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நெளிநெளிக் கோடுகள் ஓட ஆரம்பிக்கும். அது அழுக்கு இல்லை, அலுமினியம் அரிக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகும். அப்படி இருந்தால் தொடும் முன்பே போனில் படம் எடுத்து வண்டிக்காரரிடம் காட்டிவிடு. சாயந்திரம் "நீங்கதான் கெடுத்தீங்க" என்று வந்து நிற்காமல் இருக்க அதுதான் வழி.

மேட் ஃபினிஷ் என்று பளபளப்பே இல்லாத கருப்பு வீல் உண்டு. அதற்கு வாக்ஸும் ஆகாது, பாலீஷும் ஆகாது. பூச்சே இல்லாமல் அலுமினியத்தையே பாலீஷ் செய்த பழைய வீலும், குரோம் முலாம் போட்டதும் எப்போதாவது வரும். அவற்றுக்கு ஷாம்புத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் நீயாக எடுக்காதே.

4. சூடான வீலில் தண்ணீர் அடிக்காதே, அயர்ன் ரிமூவர் மருந்தும் அடிக்காதே. மலையிலிருந்து நேராக வந்த வண்டியை நிழலில் நிறுத்தி, சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பு. புறங்கையை ஸ்போக்குக்குப் பக்கத்தில் கொண்டு போ. சூடு அடிக்காவிட்டால் தொட்டுப் பார். டிஸ்க்கைத் தொடாதே, வீல் ஆறியிருந்தாலும் அது ஆறியிருக்காது. கொதிக்கிற வார்ப்பிரும்பின் ஒரு பக்கத்தில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதற்கு நல்லதில்லை. மருந்தோ, அடித்த அடுத்த நிமிஷமே காய்ந்து கறையாக உட்கார்ந்துவிடும். வேலையே அந்தக் கறையை எடுப்பதாக மாறிப் போகும்.

அவசரப்படுகிற வாடிக்கையாளர் இருப்பார். டீ வாங்கிக் கொடு.

5. வீலுக்குத் தனி பக்கெட், தனி துணி, தனி கையுறை. பாடிக்குப் போட்ட ஸ்பான்ச் வீலுக்கு வரக்கூடாது, வீலுக்குப் போட்டது செத்தாலும் பாடிக்குப் போகக்கூடாது. நம் ஷெட்டில் சிவப்பு பக்கெட் வீலுக்கு. இரும்புத்தூள் ஏறிய துணியால் பானெட்டைத் துடைத்தால் வெயிலில் நிறுத்தும்போது வட்ட வட்டமாகக் கோடு தெரியும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

6. முதலில் வெறும் தண்ணீர். துணியை எடுக்கும் முன், ஒட்டாமல் கிடக்கும் தூள் அத்தனையும் தண்ணீரிலேயே போக வேண்டும். காய்ந்த வீலை அப்படியே துணி போட்டுத் தேய்த்தால் அம்மியில் வைத்து அரைத்த கதைதான், கிளியர் கோட் முழுக்கக் கீறல். பிரஷர் கன்னை ஓர் அடியாவது தள்ளிப் பிடி, விசிறி மாதிரி விரியும் நாசிலைப் போடு. மேலிருந்து கீழாக வா, ஸ்போக்கின் பின்பக்கம், காலிப்பரின் முன்பக்கம், வீலுக்கு மேலிருக்கும் மட்கார்டு வளைவு எல்லாம் அடி. காற்றடிக்கும் வால்விலும் டயரின் பக்கவாட்டிலும் கிட்ட வைத்து ஒரே இடத்தில் அடிக்காதே. ரிம்மின் உள்பக்கம் பேலன்சிங் வெயிட் ஒட்டியிருப்பார்கள். ஊசி நாசிலை அதில் காட்டினால் பெயர்ந்து விழும். வண்டிக்காரர் அன்னூர் தாண்டும்போது ஸ்டீயரிங் உதறும், போன் நமக்கு வரும்.

7. ஷாம்பு அடுத்தது. கார் ஷாம்புவையே போடு, பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். முதல் சுற்றிலேயே மருந்துக்குப் போகாதே. எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் மூடியிருக்கும் வீலில் மருந்தை அடித்தால் அது இரும்பைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும். ஒரு பாட்டில் என்ன விலை என்று உங்களுக்கும் தெரியும்.

ஒரு வீலை முழுக்க முடித்து அலசிவிட்டுத்தான் அடுத்த வீல். நாலிலும் ஒரே நேரத்தில் நுரை போட்டு வைத்தால் நாலாவதுக்குப் போவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும்.

8. இப்போதுதான் அயர்ன் ரிமூவர். ஷாம்பு போட்டு அலசிய பின்னும் சொரசொரப்பாக, பழுப்பாக நிற்பதற்கு இதுதான் மருந்து. நல்ல பாட்டிலில் இருப்பது தயோகிளைகோலேட் வகை உப்பு. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுநிலை. பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் போடும் மருந்தும் இந்தக் குடும்பம்தான், அழுகின முட்டை நாற்றமும் அதனால்தான் வருகிறது.

வீலில் தண்ணீர் சொட்டாமல் வடிந்த பிறகு அடி. நிழலில் அடி. முகப்பில் மட்டும் அடித்துவிட்டுத் திருப்தியடையாதே, நட் குழிக்குள்ளும் ஸ்போக் ரிம்மோடு சேரும் மூலையிலும் உள் பேரலிலும், அதாவது ரிம்மின் உள்பக்கத்திலும், போக வேண்டும். அடித்ததும் ஒன்றும் தெரியாது, தண்ணீர் போலத்தான் வழியும். அரை நிமிஷத்தில் ஸ்போக்கின் ஓரத்தில் ஊதாப் புள்ளி ஒன்று கிளம்பும். பக்கத்தில் இன்னொன்று. பிறகு புள்ளியெல்லாம் சேர்ந்து கோடாகி, கத்தரிப்பூ நிறத்தில் வீல் முழுக்க வழிந்து தரையில் சொட்டும். மருந்து இரும்பைப் பிடித்துக் கரைக்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். முதல் முறை பார்ப்பவன் போனை எடுத்து வீடியோ பிடிப்பான். பிடிக்கட்டும், ஆனால் கடிகாரத்தையும் பார்க்கட்டும். மூன்று நிமிஷம், அதிகம் போனால் ஐந்து. அதற்குள் நீ மென்மையான பிரஷ்ஷால் மெதுவாக ஒரு சுற்று கலக்கிவிட்டு அலசிவிட வேண்டும். காய விட்டால் ஊதாவே கறையாகிவிடும்.

பாட்டிலில் எத்தனை நிமிஷம் என்று போட்டிருந்தால் அதைக் கேள், என்னைக் கேட்காதே.

இரண்டாவது முறை அடித்தும் ஊதா வருகிறதென்றால் இன்னும் இரும்பு இருக்கிறது, மூன்றாவது முறை அடிக்கலாம். நிறமே வராமல் கருப்புப் புள்ளி மட்டும் நிற்கிறதென்றால் அது இரும்பு இல்லை. அதற்கு மேல் இந்த மருந்தை ஊற்றுவது காசைச் சாக்கடையில் கொட்டுவது. நைட்ரைல் கையுறை போட்டுக்கொள், கண்ணுக்குக் கண்ணாடி போடு. நடுநிலை மருந்து என்றாலும் தினமும் வெறுங்கையில் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துச் சிவந்துவிடும்.

9. மருந்து வேலை செய்யட்டும், கை சும்மா இருக்கட்டும். பலத்தைக் காட்டுகிற இடம் இது இல்லை. முகப்புக்கு மென்மையான முடி பிரஷ், நட் குழிக்குப் பழைய டூத் பிரஷ்ஷோ பெயின்ட் அடிக்கும் சின்ன பிரஷ்ஷோ, உள் பேரலுக்கு நீளக் கைப்பிடி போட்ட பஞ்சு பிரஷ். பிரஷ்ஷின் கழுத்தில் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தால் டேப் சுற்று, இல்லாவிட்டால் ஸ்போக் இடுக்கில் அதுவே கோடு போடும். பிரஷ் கீழே மண்ணில் விழுந்தால் முழுக்கக் கழுவாமல் திரும்ப எடுக்காதே.

10. ஆசிட். இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் இல்லாத கேனில் "வீல் ஆசிட்" என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு மூடி தண்ணீரில் கலந்து அடித்தால் தேய்க்காமலே வீல் புதுசாகிவிடும் என்பார்கள். ஆகும், அதில் பொய்யில்லை. அதுதான் ஆபத்தே. அப்படிப்பட்ட சரக்கு சிலவற்றில் இருப்பது ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் அல்லது அதைக் கொடுக்கும் பைஃபுளோரைடு உப்பு. மற்ற ஆசிட் கையில் பட்டால் உடனே எரியும், நீயும் உடனே கழுவிவிடுவாய். இது தண்ணீர் கலந்த நிலையில் கையில் பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கு கழித்து எலும்புக்குள்ளே வலி ஆரம்பிக்கும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிர் போகும். பட்டது தெரிந்தால் உடனே ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று அதற்கென்றே மருந்து உண்டு. என்ன பட்டது என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் அதை எடுப்பார்.

பாத்ரூம் கழுவும் ஆசிட் அதற்குத் தேவலையே என்பான் ஒருவன். அது ஹைட்ரோகுளோரிக். கிளியர் கோட் பெயர்ந்த இடத்தில் அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும், டிஸ்க்கையும் நட்டையும் துருப்பிடிக்க வைக்கும், குரோமுக்கு அடியில் புகுந்து முலாமை உரிக்கும். தரையைக் கழுவ யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து அதன் மேல் இந்த ஆசிட் வழிந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஷெட்டுக்குள் நிற்கவே முடியாது.

நம் ஷெட்டில் லேபிள் இல்லாத கேன் எதுவும் உள்ளே வரக்கூடாது. பக்கத்துக் கடையில் பாதி ரேட்டுக்கு பத்து நிமிஷத்தில் முடித்துத் தருகிறார்கள் என்று வாடிக்கையாளர் சொன்னால் அங்கேயே போகட்டும். நம் ரேட்டைக் குறைக்கலாமா என்று என்னிடம் கேளுங்கள், பேசலாம். கேனைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

11. ஆசிட் வேண்டாம் என்றதும் காரத்துக்குப் போகிற கெட்டிக்காரனும் உண்டு. காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசர் இன்ஜின் பிசுக்குக்கு வேண்டுமானால் சரி. பூச்சில்லாத அலுமினியத்தில் பட்டால் நுரைத்துக் கிளம்பி, வீல் சாம்பல் பூத்துக் கருத்துப் போகும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் வேண்டாம். அது கீறுவது ஒரு பக்கம், அதன் துணுக்குகள் கீறலுக்குள் தங்கி மறுநாள் அவையே துருப்பிடித்து நிற்கும். இரும்பை எடுக்கப் போய் இரும்பை விதைத்துவிட்டு வருவாய். டீசலும் மண்ணெண்ணெயும் துணியில் நனைத்துத் துடைத்தால் வீல் பளபளப்பது நிஜம்தான், ஆனால் அது எண்ணெய். ஒரு சொட்டு டிஸ்க்கில் பட்டாலும் பேடு அதைக் குடித்துக்கொள்ளும்.

காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதும் கூடாது. தூள் மொத்தமும் மூக்குக்குள் போகும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய வண்டியின் டிரம்மில் எப்போது எந்த லைனிங் போட்டார்கள் என்று யார் கண்டது? நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

12. இத்தனைக்கும் மிச்சம் நிற்பது பெரும்பாலும் தார். கோடையில் புதுத் தார் போட்ட ரோட்டில் வந்த வண்டியென்றால் வீலின் கீழ்ப்பகுதியில் குண்டூசித் தலை அளவில் கருப்புப் புள்ளிகள் இருக்கும். தார் ரிமூவரைத் துணியில் எடுத்து, புள்ளியின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்து துடை. வீலில் நேராக அடிக்காதே. பிறகு ஷாம்பு போட்டு அலசு.

அதற்கும் வராத சொரசொரப்புக்குக் கிளே பார். களிமண் கட்டியைத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரால் வழுக்க வழுக்க நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அழுக்கு ஏறிய பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிப் புதுப் பக்கத்தை எடுக்க வேண்டும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போடு.

கிளேக்கும் வராதது பூச்சுக்குள் இறங்கிய கறை. அங்கே நிறுத்து. "இவ்வளவுதான் சார் வரும், மேல எடுக்கணும்னா பெயின்ட் கடைக்குத்தான் போகணும்" என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிப் பொட்டுக்காகத்தான் பையன்கள் காம்பவுண்டை எடுத்துத் தேய்த்துக் கிளியர் கோட்டைத் துளைக்கிறார்கள்.

13. உள் பேரலை முழுக்க எடுக்க வேண்டுமென்றால் வீலைக் கழற்றத்தான் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும், டயர் ரொட்டேஷனோடு சேர்த்துச் செய்யச் சொல். ஜாக்கி மட்டும் கொடுத்த வண்டிக்கு அடியில் கை விடாதே, ஸ்டாண்டு வை. மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்கு. கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில், வண்டி மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு. காலால் மிதித்து முறுக்குவது லாரிக்காரர் பழக்கம், இங்கே வேண்டாம். நட்டில் எண்ணெய் விடாதே.

14. அலசியதும் துடை, காற்றில் காய விடாதே. நம் போர் தண்ணீர் உப்பு. சொட்டுச் சொட்டாகக் காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும், வெயிலில் இரண்டு தடவை காய்ந்தால் அதுவே பூச்சைப் பிடித்துவிடும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு. நட் குழிக்குள் தேங்கிய தண்ணீரையும் எடு. பழைய வளையத்துக்கு வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, உடனே அலசிவிடு.

15. சுத்தமான வீலில் ஒரு காப்பு போட்டு அனுப்பினால் அடுத்த தடவை உன் வேலை பாதியாகும். மெழுகு வாக்ஸ் வீலில் அதிக நாள் நிற்பதில்லை, கார்னோபா மெழுகு 80 டிகிரி சொச்சத்திலேயே உருகிவிடும். செயற்கை சீலன்ட் பரவாயில்லை. காசு செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கு வீலுக்கென்று வரும் செராமிக் கோட்டிங். எதைப் போட்டாலும் தூள் விழாமல் இருக்காது, ஆனால் ஒட்டாது, அதன் பிறகு ஷாம்புத் தண்ணீரே போதும். துணியில் எடுத்துப் பூசு, ஸ்பிரேயாக அடித்தால் டிஸ்க்கில் போய் விழும். டயர் பாலீஷுக்கும் இதே விதி. டயரின் பக்கவாட்டில் மட்டும், மெல்லிசாக. ரோட்டைத் தொடும் பட்டையில் வேண்டவே வேண்டாம்.

16. கழுவிய தண்ணீர் பின்பக்கத் தொட்டிக்குப் போகட்டும், எண்ணெய் பிரிக்கும் அறை வழியாக. ரோட்டோரச் சாக்கடையில் விடாதே. நம் ஊரில் ஓடும் தண்ணீர் எல்லாம் கடைசியில் பவானியைத்தான் போய்ச் சேரும். பேடுகள் பலவற்றில் செம்பும் உண்டு, அது மீனுக்கு விஷம். கலிஃபோர்னியாவில் இதற்காகவே 2010-ல் சட்டம் போட்டு, பேடில் செம்பை 2021-க்குள் 5 சதவீதத்துக்குக் கீழும் 2025-க்குள் அரை சதவீதத்துக்குக் கீழும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். நம்மிடம் வரும் வண்டியில் எந்தப் பேடு என்று நமக்குத் தெரியாது. தொட்டியில் அடியில் தங்கும் சேற்றை வாரி ஆற்றங்கரையில் கொட்டாதே.

17. பணம் வாங்கும்போது வண்டிக்காரரிடம் இரண்டு வார்த்தை சொல்லலாம், அவர் கேட்டால் மட்டும். மலையில் எந்தக் கியரில் ஏறுவாரோ அந்தக் கியரில் இறங்கினால் வீலும் கருக்காது, பேடும் நிற்கும். கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவு, அங்கே பிரேக்கையே நம்பி இறங்கிய வண்டிகளின் கதை நீலகிரி முழுக்கத் தெரியும். அடுத்த தடவை பேடு மாற்றும்போது தூள் குறைவாக வரும் செராமிக் வகை தன் மாடலுக்குக் கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்கட்டும். தூள் குறையும் என்பதற்காக மட்டும் பெயர் தெரியாத பேடு போட வேண்டாம். வீல் கருத்தால் நம்மிடம் வரலாம், வண்டி நிற்காவிட்டால் எங்கே வருவார்?

மின்சாரக் கார்காரர் என்றால் வேறு மாதிரி. அந்த வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு அனுப்பிவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. வீல் சுத்தமாக இருக்கும். ஆனால் டிஸ்க் உரசாமலே கிடந்து துருவேறும். அவ்வப்போது ஆள் இல்லாத ரோட்டில் பிரேக்கை நன்றாக அழுத்திப் போடச் சொல்.

18. சாவியைக் கொடுக்கும் முன் பிரேக்கை உலர்த்து. ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக மெதுவாக ஓட்டி, ஐந்தாறு தடவை பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடு. ஈரமான டிஸ்க்கில் முதல் பிரேக் கொஞ்சம் வழுக்கும், அந்த முதல் பிரேக் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. கழுவியதும் ஹேண்ட் பிரேக் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பு, ஈரத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளமாக இருந்தால் கியரில் விட்டு, வீலுக்கு ஒரு கல் கொடுத்தால் போதும்.

இவ்வளவு செய்தாலும் மறுநாள் காலையில் போன் வரும். "அண்ணா, நேத்துத்தான் கழுவுனீங்க, டிஸ்க் பூரா துருப்புடிச்சுக் கெடக்குது!" ஈரம் பட்ட வார்ப்பிரும்பு ஒரே ராத்திரியில் மஞ்சளாகப் பூப்பது வழக்கம்தான், பேடு உரசியதும் போய்விடும். பதறாதே, வாதாடாதே. "அது மேலாப்புலதானுங்க, நாலு பிரேக் புடிச்சீங்கன்னா தன்னால போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு, அரை மணி கழித்து நீயே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்.